கன்றுக்குட்டிக்கே முதல் மரியாதை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் கண்காட்சி ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அந்நாட்டின் தொழிலாளர் தினத்தோடு முடியும் 12 நாள் திருவிழா. அதை ஒரே பகலில் பார்த்துத் தீர்ப்பது பெரியவர்களாலேயே ஆகாத காரியம். கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று நாலு வயதுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ராட்டினம் எங்கேயும் போய்விடாது. காலையில் கூட்டம் சேருமுன் நேராகப் பிரசவக் கொட்டகைக்கு அழைத்துப் போங்கள். பசுவும் ஆடும் பன்றியும் அங்கே பார்வையாளர் கண்ணெதிரிலேயே ஈனுகின்றன. ரத்தத்தைக் கண்டால் பிள்ளை மிரளும் என்று சிலர் கண்ணைப் பொத்துவார்கள். மிரளுவது பெரும்பாலும் அவர்கள்தான். ஈரம் காயாத கன்று முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, தடுமாறி விழுந்து மறுபடி எழப் பார்க்கும். தாய்ப்பசு விடாமல் நக்கிக்கொடுக்கும். பிள்ளை அரைமணி நேரம் நகராவிட்டால் நீங்களும் நில்லுங்கள். அப்புறம் வேண்டுமானால், பால் பண்ணைக்காரர்களின் தூதராகத் தேர்வான பெண்ணைக் குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சுமார் 40 கிலோ வெண்ணெய்க் கட்டியில் அவள் முகத்தைச் செதுக்குவதைக் காட்டலாம். குச்சியில் செருகி விற்கும் பொரித்த பண்டங்களில் ஒன்று போதும், அதுவும் பங்கு போட்டு. வெயில் ஏறி, பிள்ளை சிணுங்கத் தொடங்குமுன் கிளம்பிவிடுங்கள். உள்ளே நுழையும்போதே அதன் கையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுவது நல்லது.