தலை எழுத்தும் ஆறு புள்ளியும்

பிள்ளைக்குக் கண் தெரியவில்லை. "தலை எழுத்து" என்கிறார், அப்பா. "ஆண்டவன் விட்ட வழி" என்கிறார், அம்மா. பிள்ளை வீட்டு மூலையில் உட்கார்ந்து இருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லை, படிப்பும் இல்லை.

இதுதான் ஆண்டவன் மீது வைக்கும் நம்பிக்கையா? இல்லை என்பேன், நான்.

ஒரு பையனின் கதையைக் கேளுங்கள். இது கட்டுக் கதை அல்ல; நடந்த கதை.

பிரான்சு நாட்டிலே, பாரிஸ் நகருக்குக் கிழக்கே, கூப்வ்ரே என்று ஒரு சிற்றூர். 1809-ம் ஆண்டு அங்கே பிறந்தான், லூயி பிரெய்ல். அப்பா, குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் தொழிலாளி. 3 வயதில் பையன் அப்பாவின் பட்டறையில் விளையாடினான். தோலைத் துளைக்கும் குத்தூசி கண்ணில் குத்திவிட்டது. புண் சீழ் பிடித்து மறு கண்ணுக்கும் பரவியது. 5 வயதில் இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது.

பெற்ற வயிறு எப்படித் துடித்து இருக்கும்! ஆனாலும் அவர்கள் பையனை மூலையில் உட்கார வைக்கவில்லை. ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, காதால் கேட்டே படித்தான். 1819-ல் பாரிசில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். அப்போது வயது 10.

அங்கே இருந்த புத்தகங்களில் எழுத்துகள் பெரிதாகப் புடைத்து இருக்கும். விரலால் தடவிப் படிக்க வெகு நேரம் ஆகும். அந்த எழுத்தைக் கையால் எழுதுவதும் பெரும்பாடு.

பார்பியே என்ற ராணுவ அதிகாரி, தடவிப் படிக்க 12 புள்ளிகள் கொண்ட ஒரு முறையைக் கண்டுபிடித்து இருந்தார். அதைச் சுருக்கி 6 புள்ளி ஆக்கினான், லூயி. அப்போது அவனுக்கு வயது 15! ஓர் எழுத்து, ஒரு விரல் நுனிக்குள் அடங்கியது.

அந்தப் புள்ளிகளைத் தாளில் குத்த எது வேண்டும்? குத்தூசி போன்ற கூர்முனைக் கருவிதான்!

அப்படியானால், ஆண்டவனே அவன் கண்ணைப் பறித்தானா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துன்பப்படுகிறவரிடம் போய், "எல்லாம் உன் நன்மைக்கே" என்பது எளிது. அது ஆறுதல் ஆகாது. நான் சொல்வது வேறு. கண் போன பிறகும் ஆண்டவன் அந்தப் பிள்ளையைக் கைவிடவில்லை. அறிவைக் கொடுத்தான். விரலுக்கு உணர்ச்சியைக் கொடுத்தான். கைப்பிடித்து அழைத்துப் போகப் பெற்றோரையும் ஆசிரியரையும் கொடுத்தான். அவர்களும் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

பிரெய்ல் 1852-ல் காச நோயால் இறந்தார். அவர் படித்த பள்ளிகூட, 1854-ல்தான் அவருடைய முறையை முறைப்படி ஏற்றுக்கொண்டது. இன்று அதே 6 புள்ளியில் தமிழும் படிக்கிறார்கள்!

ஆண்டவனின் ஏடு பெரியது. நாம் பார்ப்பது அதில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு, "தலை எழுத்து" என்று ஏட்டை மூடிவிடலாமா?

உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரியுங்கள். அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்பதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான். பள்ளி வாசல் வரை அழைத்துப் போவது நம் வேலை!