சீனியர் அண்ணன்களே, கொஞ்சம் இடம் விடுங்க!



எங்க சித்தப்பா ஸ்கூல் படிச்சப்ப சேர்த்து வச்ச ரெஸ்லிங் சீட்டுக்கட்டு இன்னும் எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு. உயரம், எடை, ரேங்க் சொல்லி விளையாடுவோமே, அதேதான். அண்டர்டேக்கர், கேன், ரே மிஸ்டீரியோ, ஜான் சீனா... இவங்களைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். "எங்க காலத்து ஆளுங்களையேவாடா நீங்களும் பாக்குறீங்க?" என்று சித்தப்பா ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ரெஸ்லிங்கில் யார் ஜெயிக்கணும் என்று முன்கூட்டியே முடிவு பண்ணிடுவாங்க. (இது தெரியாத தம்பிகள் மன்னிக்கவும்!) அப்படியென்றால் பெரிய ஸ்டார் ஒருத்தர் யாரிடம் தோற்கிறார் என்பதில்தான் புது ஆளின் எதிர்காலமே இருக்கிறது.

2020 பிப்ரவரியில் சவூதி அரேபியாவில் நடந்ததைப் பாருங்கள். 53 வயது கோல்ட்பெர்க், 32 வயது பிரே வயட்டை சுமார் மூணே நிமிஷத்தில் தோற்கடித்துப் பட்டத்தை வாங்கினார். எல்லாரையும் நடுங்க வைத்த வயட்டின் 'ஃபீண்ட்' வேஷம் அன்னைக்கே சப்புன்னு ஆயிடுச்சு. அந்தப் பட்டமும் கோல்ட்பெர்க்கிடம் ஏப்ரலுக்கு மேல் நிற்கவில்லை. யாருக்கு என்ன லாபம்?

சீனா செய்தது வேறு. 2025 நவம்பரில் ரே மிஸ்டீரியோவின் மகன் டொமினிக்கிடம் தோற்றார். டிசம்பர் 13-ல் தன் கடைசி மேட்சில், தன்னைவிட 10 வயது இளையவரான குந்தரிடம் கையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கிட்டார். எனக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அதே ராத்திரி, அதே மேடையில் ஓபா ஃபெமி, ஜெவோன் எவன்ஸ் போன்ற புதியவர்கள் பெரிய ஸ்டார்களோடு மோதினார்கள். சீனாவுக்காக வந்த கூட்டம் அவர்களையும் பார்த்தது. இதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

"அப்போ சீனியரே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேணும்! நம்ம சென்னை சூப்பர் கிங்ஸை 2018-ல் வயசான டீம் என்று கிண்டல் பண்ணினாங்க. அந்த டீம்தான் கப் ஜெயித்தது. ஆனால் 2025-ல் அதே சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. அந்த சீசன் பாதியில்தான் 17 வயது ஆயுஷ் மாத்ரேவுக்கு இடம் கிடைத்தது. பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 ரன் அடித்தார். முதல் மேட்சிலேயே இறக்கியிருந்தால் என்று நினைக்காதவர் உண்டா?

இப்போ நம்ம கபடி டீமுக்கு வருவோம். ஏழு பேரும் பிளஸ் டூ. ஒன்பதாம் வகுப்புத் தம்பிகள் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காரைக்குடி மேட்சில் நாம 15 பாயிண்ட் முன்னாடி இருந்தப்பகூட ஒருத்தனையும் இறக்கவில்லை. நானும் வெளியே வரவில்லை. தப்பு என்மேலும்தான். வரும் ஜூனில் நாங்க யாரும் இங்கே இருக்க மாட்டோம். அப்போ அந்தத் தம்பிங்க யாரைப் பார்த்து ரெய்டு போவாங்க? யார் கையைக் கோத்து செயின் பிடிப்பாங்க?

என் யோசனை இதுதான். ஒவ்வொரு மேட்சிலும் முதல் நிமிஷத்திலிருந்தே இரண்டு தம்பிகள் ஆடணும். ஜெயித்த பிறகு ஒப்புக்கு இறக்குவது கூடாது. பக்கத்தில் ஒரு சீனியர் நின்று சொல்லிக்கொடுக்கணும். ஒன்றிரண்டு மேட்ச் தோற்கலாம், பரவாயில்லை.

அடுத்த மேட்சில் முதல் ரெய்டு என்னுடையது இல்லை. பி.இ.டி. சாரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு இடத்தை யார் தருவீங்க அண்ணன்களே?

– பிளஸ் டூ மாணவன், கபடிக் குழு