திருமயம் பக்கத்தில் சிம்னி வீடு எதற்கு?

இணையத்தில் "அழகான வீடு, வாட்டர்கலர்" என்று தேடினால் ஒரே வீடுதான் நூறு விதமாக வந்து விழுகிறது. சரிந்த கூரை, அதில் ஒரு சிம்னி, சுவரெல்லாம் ரோஜாக்கொடி, வாசலில் வெள்ளை மரவேலி. இலவசமாக இறக்கி, ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: சொந்த உபயோகத்துக்கு மட்டும்.

மாட்டுவது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் மாட்டப்படுவது புதுக்கோட்டை மாவட்டத்தில் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சித்திரை மாதம் மின்விசிறியே அனல்காற்றை இறைக்கும் ஊரில் சிம்னி யாருக்கு? பள்ளி ஓவியப் போட்டியில் "என் வீடு" என்று தலைப்புக் கொடுத்தாலும், இரண்டு மலை, நடுவில் சூரியன், முன்னால் சிம்னி வைத்த வீடு என்றுதான் பிள்ளைகள் வரைகிறார்கள். அவர்களைச் சொல்லிப் பயனில்லை. அழகான வீடு என்று அவர்கள் கண்ணில் காட்டியது அதைத்தானே!

இந்த மாவட்டத்தில் வரைவதற்கு வீடே இல்லையா என்ன? திருமயம் வட்டாரத்து ராயவரம், கடியாபட்டித் தெருக்களில் ஒருமுறை நடந்தால் போதும். பர்மா, இலங்கை, மலாயாவில் லேவாதேவியிலும் வணிகத்திலும் ஈட்டிய பணத்தில் நகரத்தார் கட்டிய வீடுகள் அவை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, வளவு, வானம் பார்த்த முற்றம், பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பளபளக்கும் சுண்ணாம்புச் சுவர்.

1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் ஒடிந்தது. வாரிசுகள் பெருகி, வெளியூர்களுக்குப் போனார்கள். கடியாபட்டி சிதம்பர விலாஸ் போல விடுதியாக மாறிப் பிழைத்தவை சில. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறப்பவை பல. இன்னும் சில இடிக்கப்பட்டு, கதவும் தூணும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. செட்டிநாட்டு ஊர்கள் 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் பெயர் ஏறினால் ஒழுகும் கூரை தானாக அடைபட்டு விடுமா?

"பணக்காரர் வீட்டை எதற்கு வரைய வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அப்படியானால் நாட்டு ஓடு வேய்ந்த திண்ணை வீட்டை வரையட்டும். அதுவும்தான் கான்கிரீட்டுக்கு வழிவிட்டு மறைந்துகொண்டிருக்கிறது.

"படம் வரைந்தால் வீடு நின்றுவிடுமா?" நிற்காது. ஆனால் ஒரு வீட்டின் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தவருக்கு அதன் தூண் எத்தனை, எந்தச் சுவரில் விரிசல் என்று தெரியும். இடிக்கிற அன்றைக்கு "ஏன்?" என்று கேட்கத் தோன்றும். எங்கோ இருக்கிற சிம்னி வீட்டை பிரிண்ட் எடுத்தவருக்கு அந்தக் கேள்வி வர வழியே இல்லை.

வாட்டர்கலருக்கும் இந்த வீடுகளுக்கும் நல்ல பொருத்தம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெள்ளை பூசாமல் தாளை அப்படியே விட்டுவிடுவதுதான் அந்தக் கலையின் வழக்கம். சுண்ணாம்புச் சுவருக்கும் வெயில் இறங்கும் முற்றத்துக்கும் வேறென்ன வேண்டும்?

சட்டமும் தடுக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52ன்படி ஒரு கட்டடத்தை ஓவியமாக வரைவதும் அதை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது. இறக்கிய படத்தைச் சொந்தச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். தெருவில் நின்று வரைந்த படத்தைப் பரிசாகக் கொடுக்கலாம், விற்கலாம், ஊருக்கே இலவசமாக அச்சிட்டுத் தரலாம். வீட்டுக்குள் போய் வரைவதென்றால் மட்டும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைக்குளம் தீட்டிய மாவட்டம் இது. இங்கே வரையத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு வண்ணப்பெட்டி, இரண்டு தூரிகை, ஒரு தண்ணீர் பாட்டில், திருமயத்துக்கு பஸ் டிக்கெட். வருகிற ஞாயிற்றுக்கிழமையே போகலாம், அந்த வீடுகள் நிற்கும்போதே.