இரண்டு டிக்கெட், ஒரு கடன்

தேவிகுளம் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தை நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். மகன் வளைகுடா வேலைக்குப் புறப்பட்டவன். உடுமலைப்பேட்டை வழியாகக் கோவை, அங்கிருந்து விமானத்தில் சென்னை, சென்னையில் வேறு கம்பெனி விமானம் என்று தரகர் இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சேர்த்து எடுப்பதைவிட மலிவாம்!

கோவையில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். அதற்கு ஈடாக அவனுக்குக் கிடைத்தது ஒரு பன்னும் டீயும். சென்னையில் பெட்டிக்குக் காத்திருந்து, அதைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு முனையத்துக்கு ஓடியபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். "சென்னையில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்றது முதல் கம்பெனி. "நேரத்துக்கு வராதது உங்கள் குற்றம்" என்றது இரண்டாவது. வட்டிக்கு வாங்கிய பணம் மட்டும் லயத்து வாசலில் வந்து நிற்கிறது.

இதை ஒரு குடும்பத்தின் தலைவிதி என்று விட்டுவிட நாம் தயாரில்லை.

1956-இல் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் எல்லாம் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. கோடு கிழித்தவர்களால் சாலையைத் திருப்ப முடியவில்லை. வாளையாருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் பக்கத்து விமான நிலையம் இன்றும் பீளமேடுதான். குமுளிக்காரர்கள் பலருக்கு மதுரை. மூணாறுக்கு நெடும்பாசேரி கிட்டம்தான், மழைக்காலத்தில் மண் சரியாத வரைக்கும்! 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது.

கோவைக்கு 2012-இல் சர்வதேச விமான நிலையம் என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் நேரடி விமானம் ஷார்ஜா, சிங்கப்பூர் போன்ற சில ஊர்களுக்கே. நாடுகளுக்கிடையேயான விமான ஒப்பந்தத்தில் பெயர் உள்ள நகரங்களில்தான் அயல்நாட்டுக் கம்பெனிகள் இறங்க முடியும். அதில் கோவையைச் சேர்க்கச் சொல்லி அங்குள்ள தொழிலதிபர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். தொழிலாளியும் கேட்க வேண்டிய கோரிக்கை இது. இந்தியக் கம்பெனிகளுக்கு இந்தத் தடை இல்லை. லாபக் கணக்குதான் அவர்களைத் தடுக்கிறது. ஆக, ஊர் மாறி ஏறும் ஆபத்தையெல்லாம் சுமப்பவன் கடன் வாங்கிப் போகிற நம் பையன்.

மத்திய அரசு ஒப்பந்தங்களைத் திருத்தட்டும். அதற்காக நாம் குரல் கொடுப்போம். அதுவரை ஒன்றை மறக்காதீர்கள். விமானத்தை முன்னறிவிப்பின்றி ரத்து செய்து, அதனால் ஒரே டிக்கெட் எண்ணில் பதிவான இணைப்பு விமானம் தவறினால், மாற்று விமானம் தர வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் பணத்தோடு நஷ்டஈடும் தர வேண்டும் என்கிறது சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் 2010-இல் கொண்டுவந்த விதி. கம்பெனியின் கைமீறிய காரணமென்றால் நஷ்டஈடு கிடையாது என்ற ஓட்டையும் அதில் உண்டு. தனித்தனி டிக்கெட் எடுத்தவனுக்கோ அந்த ஓட்டை விதிகூடத் துணைக்கு வராது.

தரகரிடம் முதலில் கேளுங்கள்: டிக்கெட் எண் ஒன்றா, இரண்டா? பெட்டியை எந்த ஊரில் எடுக்க வேண்டும்? பதில் மழுப்பலாக இருந்தால் பணம் கட்டுமுன் டிக்கெட் விவரத்தோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். படித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்.