சக்கரம் வைத்த வீட்டுக்கு யார் முகவரி தருவார்?

1954இல் வெளிவந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில், புதுமணத் தம்பதி ஒன்று காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டி வீட்டில் குடித்தனம் தொடங்குகிறது. மனைவியாக நடித்த லூசில் பால் போகிற இடத்திலெல்லாம் ஞாபகத்துக்கென்று கல் பொறுக்குகிறார். கணவன் தூக்கிப் போடச் சொன்னதும் அவற்றை வண்டிக்குள்ளேயே ஒளித்து வைக்கிறார். மலைப்பாதையில் ஏறும்போது கற்கள் தங்கள் வேலையைக் காட்டுகின்றன. எழுபது ஆண்டுகள் கடந்தும் படம் பழசாகவில்லை. சொந்த வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி.க்குள் நிரந்தரமாகக் குடிபோகும் அமெரிக்கர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தப் பாரக் கணக்கில்தான்.

படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிவறை எல்லாம் அடங்கிய வண்டிதான் ஆர்.வி. பேருந்து அளவில், தானே ஓடுவதும் உண்டு, டிரக்கின் பின்னால் பூட்டி இழுப்பதும் உண்டு. வண்டி எவ்வளவு சாமான் தாங்கும் என்று ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் அச்சிட்டே தருகிறார்கள். ஆனால் இருபது வருடக் குடும்பத்தைச் சுருட்டி ஏற்றுகிறவர் அதை எங்கே படிக்கிறார்? குடிநீர்த் தொட்டியில் 200 லிட்டர் நிரப்பினாலே 200 கிலோ போய்விட்டது. இரும்பு வாணலி, தையல் மெஷின், புத்தகப் பெட்டி என்று ஏற்ற ஏற்ற டயர் மூச்சு முட்டுகிறது. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தக் கூடுதல் பாரம்.

அடுத்தது கழிவுத் தொட்டி. இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டால் ஆர்.வி. வாழ்க்கையைப் பற்றிப் பேசவே முடியாது. நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்துக் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கென்று 'பிளாக் டேங்க்' ஒன்று என மூன்று தொட்டிகள் உண்டு. சாக்கடை இணைப்புள்ள முகாமில் வண்டியை நிறுத்தியதும், 'இனிக் கவலையில்லை' என்று பிளாக் டேங்கின் அடைப்பானைத் திறந்தே விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. தண்ணீர் மட்டும் வடிந்துபோக, மிச்சம் உள்ளேயே குவிந்து இறுகிவிடும். தொட்டி நிரம்பும்வரை மூடி வைத்து, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, பிறகு குளியல் தண்ணீரைத் திறந்து குழாயைக் கழுவ வேண்டும் என்பதுதான் முறை. அந்தக் குழாய்க்கு அங்கே 'ஸ்டிங்கி ஸ்லிங்கி' என்று செல்லப்பெயர்கூட உண்டு. வரிசை மாறினால் விளைவை விவரிக்க வேண்டியதில்லை.

மின்சாரத்திலும் கணக்குப் பார்க்க வேண்டும். 30 ஆம்ப் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கையில் மைக்ரோவேவும் தண்ணீர் ஹீட்டரும் சேர்ந்தால் இருட்டுதான். குளிர்காலத்தில் குழாய் உறையும், மூச்சுக்காற்றே சுவரில் நீராகப் படியும்.

இவ்வளவையும் அடுக்கினாலும் இவை எதையும் பெரிய சிக்கல் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் கை பழகிவிடும். பழகவே பழகாத ஒன்று இருக்கிறது: வீடாக விற்கப்படும் இந்த வண்டி சட்டத்தின் கண்ணில் வீடல்ல. அதைப் பற்றி விற்பவரும் பேசுவதில்லை, அரசும் பேசுவதில்லை.

அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. கொரோனா வந்த பிறகு, 2021இல் மட்டும் 6 லட்சம் வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளியேறின. மூடுபனி, ஏரிக்கரை, காபிக் கோப்பை என்று விளம்பரம் காட்டுவது ஒரு வீட்டை. சட்டம் சொல்வது வேறு. அமெரிக்க வீட்டுவசதித் துறை 2018இல் கொண்டுவந்த விதியின்படி ஆர்.வி. என்பது பொழுதுபோக்குக்காக மட்டும் வடிவமைக்கப்பட்டது. முதன்மைக் குடியிருப்பாகவோ நிரந்தரமாகக் குடியிருக்கவோ உரியதல்ல. பல நிறுவனங்களின் உத்தரவாதப் பத்திரத்திலும் முழுநேரம் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. காப்பீட்டிலும் முழுநேரவாசிகளுக்குத் தனி பாலிசி.

இது வெறும் காகித விவகாரமல்ல. 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களை அரசு ஆயிரக்கணக்கான டிரெய்லர்களில் குடிவைத்தது. தலைவலி, மூச்சுத்திணறல் புகார்கள் குவிந்தன. நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி., 2007-08 குளிர்காலத்தில் 519 டிரெய்லர்களிலும் நடமாடும் வீடுகளிலும் காற்றைச் சோதித்தது. ஃபார்மால்டிஹைடு வாயுவின் சராசரி, சாதாரண வீடுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு. சுவர்ப் பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து கசிந்த வாயு அது. நாலு நாள் விடுமுறைக்குச் செய்த பெட்டியில் ஆண்டுக்கணக்கில் ஆளை வைத்தால் என்ன ஆகும் என்று நாடே அப்போது பார்த்தது. பலகைகளுக்கான விதிகள் பிறகு இறுகின. வண்டி வேறு, வீடு வேறு என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. இன்றும் கூரை ஒழுகினால் வண்டி பட்டறைக்குப் போக வேண்டும். உதிரிபாகம் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எங்கே தூங்கும்?

முகவரியும் இந்த முரண்பாட்டிலிருந்து வரும் தலைவலிதான். ஓட்டுநர் உரிமம், வாக்கு, வரி, வண்டிப் பதிவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அமெரிக்காவில் ஒரு தெருப்பெயரில் தொங்குகின்றன. வங்கிக் கணக்குக்குக்கூட அஞ்சல் பெட்டி எண் போதாது. ஆகவே முழுநேரவாசிகள் ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து 'அந்த ஊர்க்காரர்' ஆகிறார்கள். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றுக்கும் கிராக்கி அதிகம். 1978இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' ஆர்.வி. சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரிலிருந்து உறுப்பினர்களுக்கு முகவரியும் தபால் சேவையும் தருகிறது. தெற்கு டகோட்டாவிலோ தபால் சேவை முகவரியோடு அந்த மாநிலத்தில் ஒரே ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டினால் உரிமம் கிடைத்துவந்தது. ஆனால் 2023இல் அதே மாநிலம், வாக்காளராகப் பதிய 30 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. வண்டிப் பதிவுக் கட்டணம் வேண்டும், வாக்கு வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

மருத்துவத்தில் இன்னும் மோசம். 65 வயதைத் தாண்டியவருக்கு, மத்திய அரசே நேரடியாக நடத்தும் மெடிகேர் காப்பீடு நாடு முழுவதும் செல்லும். அதற்குக் கீழே உள்ளவர் வாங்கும் பாலிசி பெரும்பாலும் குறிப்பிட்ட மாநிலத்து மருத்துவமனைகளோடு முடிந்துவிடும். தெற்கு டகோட்டா பாலிசியோடு அரிசோனாவில் சர்க்கரை நோய்க்கு மாதாந்திர மருத்துவம் பார்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

சரி, வண்டியை எங்கேதான் நிறுத்துவது? மத்திய அரசின் திறந்தவெளி நிலங்களில் பொதுவாக 14 நாள்தான் அனுமதி. பிறகு கிளம்ப வேண்டும். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ஒரு கட்டணம் கட்டித் தங்கலாம் என்பதால் குளிர்காலத்தில் அங்கே ஒரு நகரமே முளைக்கிறது. தேசியப் பூங்காக்களின் புகழ்பெற்ற முகாம்களில் ஆறு மாதம் முன்பே இடம் பிடித்தாக வேண்டும். நகரங்கள் கதவைச் சாத்துகின்றன. கூகுள் தலைமையகம் இருக்கும் மவுன்டன் வியூவின் வாக்காளர்கள், குறுகலான தெருக்களில் பெரிய வண்டிகளை நிறுத்தத் தடைவிதிக்கும் சட்டத்தை 2020 நவம்பரில் ஆதரித்தார்கள். வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குள் ஒதுங்கியவர்கள்மீதுதான் அந்த அடி விழுந்தது.

விருப்பப்பட்டு அல்லாமல் வேறு வழியின்றி வண்டி ஏறிய இந்தக் கூட்டத்தை அடையாளம் காட்டியது ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய 'நோமட்லேண்ட்' என்ற புத்தகம். அமேசான் கிடங்கில் பண்டிகைக்காலப் பொட்டலம் கட்டவும், பீட் கிழங்கு அறுவடையில் 12 மணி நேர ஷிப்டு பார்க்கவும் வண்டியோடு திரியும் முதியவர்கள் அதில் வருகிறார்கள். அதைத் தழுவிய படம் 2021இல் ஆஸ்கர் வாங்கியது. விருதுக்குக் கைதட்டிய நாடு, அவர்களுக்கு நிலையான முகவரி கிடைக்க எந்த வழியும் செய்யவில்லை.

விருப்பப்பட்டு வண்டி ஏறுகிறவர்களுக்கு ஒரே யோசனை: வீட்டை விற்கும் முன்பு ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், அதுவும் ஜனவரியில். வேறு வழியில்லாமல் ஏறுகிறவர்களுக்கு யோசனை சொல்லிப் பயனில்லை. குடியிருக்க ஏற்றதல்ல என்ற வாசகத்தை விற்பனையாளர்கள் விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். பதிவுக் கட்டணம் வாங்கும் மாநிலங்கள் அந்த வண்டிக்குள் வாழ்கிறவரை வாக்காளராகவும் நோயாளியாகவும் ஏற்க வேண்டும். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்க அனுமதித்துவிட்டு, 'அதில் யாரும் வசிக்கவில்லை' என்று சட்டப் புத்தகம் பாசாங்கு செய்வது இனியும் எடுபடாது.