லேசுப்பட்ட விஷயமில்லை!

சைப்ரஸ் தீவுக்குப் போகிறவர்கள் எல்லாம் கடற்கரையில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் வெந்த இறால் நிறத்துக்கு வந்ததும் திருப்தியோடு விமானம் ஏறுகிறார்கள். நமக்கு இந்த முதலீடு அநாவசியம். நிறம் ஏற்கெனவே போதிய அளவு கையிருப்பில் இருக்கிறது. ஆகவே நானும் மனைவியும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு மலைப் பக்கம் வண்டியைத் திருப்பினோம்.

வண்டி என்றால் வாடகைக் கார். 1960 வரை வெள்ளைக்காரன் ஆண்ட தீவு என்பதால் நம் ஊர் போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். வாடகைக் கார்களுக்கு மட்டும் சிவப்பு நம்பர் பிளேட். 'ஜாக்கிரதை, உள்ளே இருப்பவனுக்கு வழி தெரியாது' என்று ஊருக்கே தண்டோரா! ஒரு ரவுண்டானாவை நான் மூன்று தடவை பிரதட்சணம் செய்தும் ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

"இன்னொரு சுத்து சுத்துங்க, ஏதாவது வேண்டுதல் பாக்கி இருக்கும்" என்றாள் மனைவி.

முதலில் கிரோகித்தியா. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குன்றுச் சரிவில், ஏறத்தாழ ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் மனிதர்கள் வட்ட வட்டமாகக் கல் வீடு கட்டிக் குடியிருந்த கிராமம். 1934-ல் கண்டுபிடித்தார்கள். 1998-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இப்போது மிச்சமிருப்பது முழங்கால் உயரச் சுவர்கள்தான். 'இவ்வளவுதானா?' என்று நாம் முகம் சுளிப்போம் என்று தெரிந்தோ என்னவோ, வாசலிலேயே ஐந்து வீடுகளை முழுசாகக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் ஒரே அறை. சமையல், படுக்கை எல்லாம் அதிலேயே. யாராவது இறந்துபோனால் அந்த வீட்டுத் தரையிலேயே குழி தோண்டிப் புதைத்து, மேலே பூசி மெழுகிவிட்டு மறுபடி குடித்தனம் நடத்துவார்களாம். சில எலும்புக்கூடுகளின் மேல் ஒரு கனமான கல்லையும் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

"கல்லு எதுக்கு?" என்றாள் மனைவி.

"திரும்ப எழுந்து வந்துடக் கூடாதுங்கற பயமாம். மாமியாரா இருக்கும்" என்றேன். யார் மாமியார் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் அடுத்த பத்து கிலோமீட்டருக்குக் காரில் மயான அமைதி.

வழி நெடுக கரோப் மரங்கள். நம் புளியங்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி கறுப்பாகத் தொங்கும் காய். ஒரு காலத்தில் ஏற்றுமதியில் கொழித்ததால் இதற்குக் 'கறுப்புத் தங்கம்' என்றே பெயர். இதன் விதையின் கிரேக்கப் பெயரிலிருந்துதான் வைரத்துக்குச் சொல்கிறோமே, அந்தக் 'காரட்' வந்தது. எல்லா விதையும் ஒரே எடை இருக்கும், அதனால்தான் தராசில் போட்டார்கள் என்பது கதை. 2006-ல் விஞ்ஞானிகள் சிலர் எடை போட்டுப் பார்த்து, மற்ற விதைகளைப் போல இதுவும் கூடக்குறையத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். காரட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். நான் சட்டென்று இயற்கைக் காட்சிகளுக்குத் தாவினேன்.

லெஃப்காரா வந்தது. லார்னகாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மேல் லெஃப்காரா, கீழ் லெஃப்காரா என்று இரண்டு. ஓட்டுக் கூரைகள், வெளிறிய கல் சுவர்கள், நீலக் கதவுகள், ஒரு கழுதையும் அதன் சுமையும் மட்டுமே போகும்படியான சந்துகள். கீழ் ஊரில் 12-ம் நூற்றாண்டுச் சுவரோவியங்களோடு ஒரு சின்னத் தேவாலயம். மேல் ஊரில் ஏசுவின் சிலுவைத் துண்டு இருப்பதாக நம்பப்படும் தேவாலயம். எல்லா வாசலிலும் பூனை. (மனிதனும் பூனையும் சேர்த்துப் புதைக்கப்பட்டதற்குக் கிடைத்த மிகப் பழைய சான்று, சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தையது, இந்தத் தீவில்தான் கிடைத்தது. அந்தத் திமிர் பூனைகளின் நடையில் தெரிகிறது.)

காபிக் கடையில் உட்கார்ந்தோம். பொடியைப் போட்டுக் கொதிக்க வைத்து அடிவண்டலோடு தருகிறார்கள். கூட ஒரு டம்ளர் தண்ணீர். மறந்தும் 'டர்க்கிஷ் காபி' என்று கேட்டுவிடாதீர்கள். 1974-க்குப் பிறகு அதற்குப் பெயர் சைப்ரஸ் காபி. வண்டல் மட்டும் அதேதான்.

ஊரின் பெயர் வெளியுலகில் தெரிவது லேஸ் வேலையால். 1481-ல் லியனார்டோ டாவின்சியே இங்கு வந்து, மிலான் பேராலயத்துக்காக ஒரு விரிப்பு வாங்கிப் போனார் என்று ஊரே சொல்கிறது. பில் யாரிடமும் இல்லை. பி.காம். படித்தவன் வவுச்சர் இல்லாததை வரவு வைப்பதில்லை. ஆனால் வவுச்சர் உள்ள சங்கதியே போதுமான அளவு சுவாரசியம். பெண்கள் வாசலில் உட்கார்ந்து லினன் துணியில் நூல் பிரித்துத் தைப்பார்கள். ஆண்கள் அதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கப்பலேறி, ஐரோப்பா முழுக்க வீடு வீடாக விற்றுவிட்டு வருவார்கள். உற்பத்திப் பிரிவு, விற்பனைப் பிரிவு என்று பக்காவான கம்பெனி! 2009-ல் யுனெஸ்கோ இதற்கும் ஒரு மரியாதை செய்தது.

ஒரு சந்துத் திருப்பத்தில் ஒரு அம்மாள். எழுபதைத் தாண்டியவர். மடியில் துணி, மூக்கு நுனியில் கண்ணாடி, பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. மனைவி ஒரு மேஜை விரிப்பை எடுத்துவிட்டாள். ஒரு பொருளை எடுத்தபின் அவள் திருப்பி வைத்ததாகச் சரித்திரம் இல்லை.

"எவ்வளவு?"

"நூற்றி எண்பது யூரோ." வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ், சுத்தமாக இருந்தது.

"நூறு" என்றேன். பரம்பரைப் பழக்கம்.

அம்மாள் கோபப்படவில்லை. "மூன்று மாதம். தினம் மூன்று மணி நேரம். அதற்கு மேல் கண் ஒத்துழைப்பதில்லை" என்றார்.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை அநாவசியமாக விழித்துக்கொண்டது. மூன்று மாதம், தினம் மூன்று மணி என்றால் 270 மணி நேரம். 180 யூரோவை வகுத்தால் மணிக்கு 66 சென்ட் சொச்சம். துணி, நூல் செலவைக் கழிக்காமலே! சற்றுமுன் நாங்கள் குடித்த இரண்டு காபிக்கு ஐந்து யூரோ கொடுத்திருந்தேன். அதைச் சம்பாதிக்க இந்த அம்மாள் இரண்டரை நாள் தைக்க வேண்டும். எந்த ஆடிட்டரும் 'கடையை மூடு' என்றுதான் சொல்வார்.

"கீழ்க்கடையில் இருபது யூரோவுக்கே இருக்கிறதே?" என்றேன் இன்னமும் புத்தி வராமல்.

அவர் விரிப்பைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் எது, முன்பக்கம் எது என்று தெரியவில்லை. ஒரு முடிச்சு கண்ணில் படவில்லை. "அந்த இருபது யூரோவைத் திருப்பிப் பாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையில், கிரோகித்தியாவில் ஒரு கல் குறைவது எனக்குப் புரிந்தது. பேச்சை மாற்ற, "மகள் தைப்பாரா?" என்று கேட்டுக்கொண்டே காலி நாற்காலியை இழுத்தேன்.

"மகள் நிகோசியாவில் பேங்க்கில் இருக்கிறாள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது" என்றவர், "அந்த நாற்காலி ஒரு காலைத் தூக்கும், பார்த்து உட்காருங்கள்" என்றார். பிறகு நாற்காலியின் கதை வந்தது.

அந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்து தைப்பாளாம். துருக்கிய இனத்தவள். ஒரே வயசு. ஊரில் அப்போது அவர்களும் இருந்தார்கள். மசூதி இன்னும் நிற்கிறது. 1974 ஜூலையில் முதலில் ஒரு ராணுவக் கவிழ்ப்பு, ஐந்தே நாளில் துருக்கிப் படை. தீவு இரண்டாயிற்று. தெற்கிலிருந்த துருக்கியர்கள் வடக்கே போனார்கள், வடக்கிலிருந்த கிரேக்கர்கள் தெற்கே வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் போய்விட்டாள். வீட்டையோ நிலத்தையோ கொண்டுபோக முடியாது. கைத்தையல் கூடவே போயிற்று. இன்றைக்கும் வடக்கில் இதே வேலைப்பாட்டை, 'லெஃப்காரா வேலை' என்று இந்த ஊர்ப் பெயராலேயே விற்கிறார்கள்.

2003 ஏப்ரலில் எல்லையைக் கடக்க வழி திறந்தார்கள். இருபத்தொன்பது வருஷம் கழித்து ஒருநாள் காலை அந்தப் பெண் இந்தச் சந்தில் நடந்து வந்தாளாம்.

"கட்டிப் பிடித்து அழுதீர்களா?" என்றாள் மனைவி, தானே அழுகிற தயாரிப்பில்.

"அதெல்லாம் அப்புறம்" என்றார் அம்மாள். "முதலில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். என் மடியிலிருந்த துணியை வாங்கிப் பார்த்தாள். 'உன் ஆறு இன்னும் கோணலாத்தான் ஓடுது'ன்னாள்."

ஆறு என்பது இந்த லேஸில் வளைந்து வளைந்து போகும் ஒரு டிசைன்.

நூற்றி எண்பதையும் எண்ணி வைத்தேன். அம்மாள் ஒரு தரம் எண்ணிவிட்டு, எங்கள் கண்ணெதிரே மறு தரமும் எண்ணினார். நல்ல வியாபாரி.

திரும்பும் வழியில் ஸ்தாவ்ரோவூனி மலை மடம். நாலாம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் தாயார் ஹெலெனா நிறுவியதாக ஐதீகம். பெண் கட்டிய மடத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை! நான் மட்டும் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டேன். மனைவி மதிலோரம் உட்கார்ந்து விரிப்பை மடியில் போட்டு, விரலால் ஆற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேங்க" என்றாள்.

"எது?"

"எங்க கோணல்னு."

வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்கு எல்லாம் நேராகத்தான் இருந்தது. இன்றுவரை காட்டமாட்டேன் என்கிறாள். நூறு யூரோவுக்குக் கேட்டவனுக்கு அதெல்லாம் தெரியாதாம்.