லங்கர் வரிசையில் காவலர்கள் எதற்கு?

லண்டன் சவுத்தாலில் எனது தங்கை குடியிருக்கும் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு சீக்கியக் குடும்பம் வசிக்கிறது. குடும்பத் தலைவர் லண்டன் மாநகர பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். தங்கை அவரைச் ‘சிங் அண்ணை’ என்றுதான் அழைப்பாள். நானும் அவ்வாறே அழைக்கப் பழகிவிட்டேன். அவருக்கு நான் ‘ஜேர்னலிஸ்ட் சாஹிப்’. ஒவ்வொரு தடவை அங்கு போகும்போதும் இலங்கையைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

தமது அறுபதாவது வயதில் அவர் அமிர்தம் பருகிக் கால்சா ஆனார். அன்றே விஸ்கியை விட்டார். அவர் சேர்ந்த ஜத்தாவின் விதிப்படி மச்சம், மாமிசம், முட்டை அனைத்தையும் விட்டார். நாற்பது வருடம் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டிறைச்சியும் போத்தலுமாக இருந்த ஒரு மனிதர் ஒரே நாளில் அதைச் செய்வது சாதாரண காரியம் அல்ல. நான் அவரை மனதார மெச்சினேன். ஆறு வருடம் கழித்து, கடந்த வருடம் மீண்டும் போனபோது, அவருடைய வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு விரல்களைப் பற்றியது.

நீரிழிவு அவருக்குப் பதினைந்து வருடங்களாக இருந்தது. மரக்கறி உணவுக்கு மாறியதும் நோய் தணியும் என்று அவரும் நம்பினார், குடும்பமும் நம்பியது. ஆனால் இறைச்சி போன இடத்துக்கு வந்தது என்ன? காலையில் வெண்ணெய் மிதக்கும் இரண்டு ஆலு பராத்தா. பகலில் நான்கு சப்பாத்தி. மாலையில் பக்கோடா. நாள் முழுவதும் பாலும் சீனியும் சேர்ந்து காய்ச்சிய தேநீர். ஞாயிறென்றால் குருத்வாராவில் ஜலேபி. பருப்பு ஒரு சிறு கிண்ணம், கீரை எப்போதாவது. ‘நான் சுத்த மரக்கறிக்காரன்’ என்று அவர் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவருடைய இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு பாதங்களில் எரிவு தொடங்கியது. நீரிழிவால் வரும் நரம்புக் கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். அதில் பாதிதான் உண்மை. நீண்ட காலம் மெற்போமின் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 உடலில் சேர்வது குறையும். இது மருத்துவம் நன்கறிந்த விடயம். அந்த விற்றமினோ தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. மரக்கறி உண்பவருக்குப் பாலும் தயிரும் முட்டையும்தான் கதி. முட்டையையும் விட்டு, பாலைத் தேநீரில் மட்டும் கண்டவருக்கு என்ன மிஞ்சும்? இரத்தத்தைச் சோதித்து ஊசி போடத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது. உணர்வு மங்கிய பாதத்தில் சப்பாத்து கடித்த புண் அவருக்குத் தெரியவே இல்லை.

என்னைக் கொதிக்கச் செய்தது நோயல்ல. இந்த ஆறு வருடங்களில் அவரைச் சுற்றியிருந்தவர்கள் செய்தவைதான். ஒருபுறம் பழைய நண்பர்கள். ‘பஞ்சாபியாகப் பிறந்து புல் தின்கிறாயா?’ என்று கேலி செய்தார்கள். மறுபுறம் அவருடைய சங்கத்தினர். கேக்கில் முட்டை இருந்ததா, பாலாடைக்கட்டியில் விலங்கின் நொதியம் கலந்திருந்ததா என்று விசாரணை நடத்தினார்கள். பாத எரிவைச் சொன்னபோது நம்பிக்கை போதாது என்றார் ஒரு பெரியவர். வீட்டில் மனைவி இரண்டு சட்டி வைத்து, பிள்ளைகளுக்கு ஒன்றும் கணவருக்கு ஒன்றுமாகச் சமைத்துக் களைத்துப்போனார். அவர் என்ன தின்னக்கூடாது என்று கண்காணிப்பதற்கு ஐம்பது பேர் இருந்தார்கள். என்ன தின்னவேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்லவும், கூடவே உண்டு காட்டவும் ஒருவர் இருக்கவில்லை.

சீக்கியர் அல்லாத உனக்கு இதில் என்ன வேலை என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 1987 இல் நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவன். என் தலைமுறைக்குச் சீக்கியர் என்ற சொல்லோடு முதலில் வந்தவை தலைப்பாகையும் துப்பாக்கியும்தான். அந்த ஒக்டோபரில் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டரில் வந்து இறங்கி மடிந்த சீக்கியப் படையினரின் கதையை ஊரே பேசியது. அந்தப் படிமம் என் மனதில் உடைந்தது பல வருடங்களுக்குப் பிறகு, புதுடில்லி பங்களா சாஹிப் குருத்வாராவில். செய்தி சேகரிக்கப் போன இடத்தில் பசியோடு நுழைந்தேன். பெயர் என்ன, ஊர் எது, சமயம் எது என்று எவரும் கேட்கவில்லை. ஒரு நீளப் பாயில் ரிக்‌ஷாக்காரர் ஒருவருக்கும் பட்டுச்சேலை அணிந்த ஒரு பெண்மணிக்கும் நடுவில் அமர்ந்து சப்பாத்தியும் பருப்பும் உண்டேன். அந்தச் சோற்றுக்கடன் எனக்கு இருக்கிறது. (சோறு அங்கில்லை என்று இலக்கணம் பேசாதீர்கள்.)

லங்கரில் ஏன் மாமிசம் இல்லை என்று அன்று பரிமாறிய முதியவர் ஒருவரிடம் கேட்டேன். எல்லோரும் உண்ணக்கூடியதாக இருக்கவேண்டும் அல்லவா, என்றார். எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த நூலிலும் இல்லை. பிராமணரும் வரலாம், முஸ்லிமும் வரலாம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் வரலாம். ஒருவர் மனமும் கோணாத உணவு வேண்டும். அதற்காக வந்தது அந்த மரக்கறி. மூன்றாவது குருவான அமர்தாஸ், தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்று விதித்தார். பேரரசர் அக்பரும் கோயிந்த்வாலில் அவ்வாறு அமர்ந்தார் என்பது சீக்கிய மரபு. ஆகவே லங்கரின் மரக்கறி வேலி உடைப்பதற்காக வந்தது. அதையே எடுத்துப் புதிதாக வேலி கட்டுகிறவர்களைத்தான் நான் குற்றஞ்சாட்டுகிறேன்.

மாமிசம் பற்றிய சீக்கியரின் சமய நிலைப்பாடு இந்தக் காவலர்கள் சொல்வதுபோல ஒற்றைத் தடம் கொண்டதும் அல்ல. சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு 1945 இல் ஏற்ற ‘ரஹித் மர்யாதா’ என்ற ஒழுக்கக்கோவை, அமிர்தம் பருகியவருக்கு விலக்குவது ‘குட்டா’ எனப்படும் இறைச்சியை. இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்டது என்று அந்தக் கோவையே அதற்குப் பொருள் கூறுகிறது. 1980 இல் அகால் தக்த் அளித்த விளக்கமும் அதே வழியில்தான் சென்றது. நாம்தாரிகளும் அகண்ட கீர்த்தனி ஜத்தாவினரும் மரக்கறி மட்டுமே உண்பவர்கள். நிஹாங்குகளோ ஹோலா மொஹல்லா விழாவில் ஆடு வெட்டிச் சமைப்பவர்கள். கிரகண நாளில் குருசேத்திரத்தில் குரு நானக் மான் இறைச்சி சமைப்பித்து பண்டிதர்களைத் திகைக்க வைத்தார் என்று ஒரு மரபுக் கதையும் உண்டு. மாமிசம் பற்றி வீண்வாதம் புரிவோரைக் கண்டிக்கும் அவருடைய பாடல் குரு கிரந்த சாஹிப்பின் மலார் ராகப் பகுதியில் இருக்கிறது. வாதிடுவது மடமை என்று ஆசான் சொன்னதையே ஐந்நூறு வருடங்களாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

இதனால் சிங் அண்ணை மீண்டும் ஆட்டிறைச்சிக்குத் திரும்பவேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். அவர் எடுத்தது நல்ல முடிவு. தகுந்தபடி உண்டால் மரக்கறி உணவு இதயத்துக்கும் நல்லது, நீரிழிவுக்கும் நல்லது. ‘தகுந்தபடி’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு இருக்கிறது.

குரு அங்கதரின் துணைவியார் மாதா கிவி நெய் ஊற்றிய பாற்சோறு பரிமாறிய செய்தி கிரந்தத்திலேயே பதிவாகியுள்ளது. பஞ்சாபின் வயல்களில் விடிகாலை முதல் ஏர் பிடித்தவனுக்கு அந்த நெய் தேவைப்பட்டது, அது எரிந்தும் போனது. பஸ்ஸின் சாரதி ஆசனத்தில் எட்டு மணித்தியாலம் அமர்ந்திருந்தவனுக்கு அது எங்கே எரியும்? பிரித்தானியாவில் வாழும் தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுக்காரர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023 இல் சொன்னது. இந்நிலையில் எண்ணெயில் பொரித்ததையும் சீனிப்பாகில் ஊறியதையும் இறைச்சி கலக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் ‘புனித உணவு’ என்று பரிமாறுவது சேவையா? மாவும் நெய்யும் சீனியும் சம அளவில் சேரும் கடா பிரசாதத்தை நான் சொல்லவில்லை. அது பிரசாதம், உள்ளங்கை அளவில் தருவது. அதற்கு முன்னும் பின்னும் தட்டை நிரப்புகிறவற்றைச் சொல்கிறேன்.

கவலை என்னவென்றால், வேண்டியதெல்லாம் பஞ்சாபிச் சமையலிலேயே இருக்கிறது. கடுகுக் கீரையில் செய்யும் சாக், ராஜ்மா, கொண்டைக்கடலை, முழு உளுந்து, புளிக்காத தயிர். கோதுமை மாவில் கடலைமாவு கலந்து சுடும் மிஸ்ஸி ரொட்டிக்கு நிகராக ஒரு மருத்துவர் எதை எழுதிக் கொடுத்துவிட முடியும்? தானியத்தில் குறைந்த புரதக்கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைந்தது தானியத்தில் உண்டு. பாட்டிமார் இதை ஆய்வுகூடம் இல்லாமலே கண்டுபிடித்தார்கள். ஆனால் 1960களில் வந்த பசுமைப் புரட்சி கோதுமையையும் நெல்லையும் மட்டும் கேட்டது. கடலை விளைந்த பஞ்சாப் நிலங்கள் அவற்றுக்கு மாறின. இன்று பஞ்சாபி இளைஞன் கனடாவுக்கு விமானம் ஏறுகிறான், கனடாவின் சஸ்காச்சுவானில் விளைந்த மைசூர்ப் பருப்பு இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறது. தட்டில் சப்பாத்தி கூடிப் பருப்பு தண்ணீரானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

குளிர்நாட்டில் மரக்கறி உண்பவர் கவனிக்க வேண்டியவை பலவல்ல. பி12 அளவை வருடம் ஒரு தடவை சோதிக்கவேண்டும், மாரியில் விற்றமின் டி எடுக்கவேண்டும். தேநீரை உணவோடு அருந்தினால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து வீணாகும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்து, உணவில் தேசிக்காயைப் பிழிந்துகொள்ளலாம். கண்டவுடன் பயப்படவேண்டிய வித்தைகள் அல்ல இவை. ஆனால் அறுபது வயதில் உணவை மாற்றும் ஒருவர் தனியாக இவற்றைச் செய்துவிட முடியாது. வீடு முழுவதும் ஒரு சட்டியில் உண்ணவேண்டும். சங்கத் என்று சீக்கியர் சொல்லும் அந்தக் கூட்டுறவு இதற்குப் பயன்படாவிட்டால் வேறு எதற்கு?

கனடாவின் சரேயில் 1997 இல் லங்கரைக் கதிரை மேசையில் இருந்து உண்பதா, தரையில் இருந்து உண்பதா என்று குருத்வாராவுக்குள் அடிதடி நடந்தது. மறுவருடம் அகால் தக்த் தரைதான் என்று ஆணையிட்டது. எப்படி அமர்வது என்பதில் இவ்வளவு வேகம் காட்டிய சமூகம், தட்டில் என்ன விழுகிறது என்பதில் அதில் பத்திலொரு பங்கு வேகம் காட்டியிருந்தால் எத்தனை பாதங்கள் பிழைத்திருக்கும்? சில குருத்வாராக்களில் இப்போது நெய்யைக் குறைத்திருக்கிறார்கள், தவிட்டு மாவில் சப்பாத்தி சுடுகிறார்கள், சபையிலுள்ள வைத்தியர்களே இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். மற்றவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

இதை எழுதும்போது என் ஊரும் நினைவுக்கு வராமல் இல்லை. உலகில் ஒரு சமயத்தின் பெயரையே சாப்பாட்டுக்கும் வைத்தவர்கள் தமிழர்கள். ‘நாங்கள் சைவம்’ என்று எங்கள் வீட்டில் சொன்னபோது அதில் உணவு கொஞ்சம், சாதி மிச்சம். சமபந்தி என்ற சொல்லைக் கேட்டதும் பள்ளிக்கூடங்களை விட்டுப் பிள்ளைகளை எடுத்த ஊர் எங்கள் ஊர். சுத்தம் பேசுகிற வாய் பிறகு எதைப் பேசும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் குரல் சற்று உயர்ந்துவிட்டது.

சிங் அண்ணையின் வீட்டில் இப்போது ஒரே சட்டிதான். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர் மருமகள், மருந்தகத்தில் வேலை செய்பவர். மிஸ்ஸி ரொட்டி இரண்டு, நிறையப் பருப்பு, ஒரு கோப்பை தயிர் என்று மாமனாரோடு அவரும் அமர்ந்து உண்கிறார். கணவர் சனிக்கிழமைகளில் வெளியே கோழி தின்கிறாராம். அதை யாரும் விசாரிப்பதில்லை.

நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு அவரோடு குருத்வாராவுக்குப் போனேன். தரையில் அமர முடியாததால் சுவரோரம் ஒரு வாங்கில் இருந்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். லங்கரில் சப்பாத்தியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்கவேண்டும். இரண்டு வாங்கியபின் அவர் கைகளை மடக்கிக்கொண்டார். கூடையோடு வந்த பையன், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், மூன்றாவதை நீட்டியபடி ஒரு கணம் நின்றான். பிறகு அதைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி, பின்னால் வாளியோடு வந்தவனைக் கூப்பிட்டு, ‘பாபா ஜீக்கு இன்னும் பருப்பு’ என்றான்.